பிரசவ வார்டில் ஒன்பது இறால்கள்

பெங்களூர் ஜீவனஹள்ளியில் அமல் வீட்டு முன்னறைக்குப் புதிதாக வருகிறவர்கள் தங்களை அறியாமலே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சுவரோரம் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே விரல் நகத்தளவு மஞ்சள் இறால்கள் இருநூறுக்கு மேல். வாயும் கால்களும் ஓயாமல் அசையும். சின்னச் சத்தம்கூடக் கிடையாது. உரித்துப்போட்ட கூடு ஒன்று, கண்ணும் மீசையும் கலையாமல், உள்ளே ஆள் இல்லாமல் பாசிமேல் நின்றுகொண்டிருக்கும்.

அமல் காக்ஸ் டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான். வயது முப்பத்தொன்று. நாலு பேர் நடுவில் பேச்சு வராது. ஆனால் நாலு வருடமாக, நிறம் வெளிறியவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, தலை முதல் வால் வரை எலுமிச்சை மஞ்சள் மாறாத ஒரு வம்சத்தை உண்டாக்கியிருந்தான். பெங்களூரிலேயே இப்படி வேறெங்கும் இல்லை என்பது அவன் அக்கா குளோரியாவின் தீர்மானம். அவள் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள். பதினெட்டு வருடமாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. கட்டில் எண்ணும் சேர்ந்த தேதியும் எழுதிவைக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது.

ஜூலையில் கடைக்காரர் அமலை மைசூர்க் கிளைக்கு ஆறு வாரம் அனுப்பினார். தொட்டி குளோரியாவின் பொறுப்பு. இரண்டாம் நாளே சில இறால்களின் வயிற்றடியில் பச்சை தெரிந்தது. இந்த மஞ்சள் இறால்களின் முட்டையும் பச்சை கலந்த மஞ்சள்தான். உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், ஒம்பது பேர் மாசமா கீதுங்கடா!"

"போட்டோ அனுப்புக்கா."

"எடுக்கறதுக்குள்ள ஓடிடுதுங்க. பதினெட்டு வருசமா நான் பார்க்காத வயிறா?"

"சரி, நல்லதுதான். நீ எதையும் தொடாதே, அது போதும்."

ஆனால் பிள்ளைத்தாய்ச்சியைக் கும்பலில் விட அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவித் தொட்டித் தண்ணீர் ஊற்றி, ஒன்பதையும் வடிகட்டியால் அள்ளி அதில் விட்டாள். மேலே 'வார்டு' என்று எழுதி ஒட்டினாள். ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் காவேரித் தண்ணீர் வரும் தெரு அது. வார்டில் மாற்றிய தண்ணீரைக் கொட்ட மனமில்லாமல், திரும்பத் தொட்டியிலேயே ஊற்றிவந்தாள்.

குஞ்சு பொரிய ஏறக்குறைய முப்பது நாள் என்று அமல் சொல்லியிருந்தான். நோட்டில் முப்பதாம் நாளை வட்டமிட்டாள். அந்த நாள் போனது. முப்பத்துமூன்றும் போனது. எந்த வயிறும் காலியாகவில்லை. பச்சை மட்டும் தடித்துக்கொண்டே வந்தது. அதைச் சுமந்தபடி, முட்டைக்குக் காற்று கிடைக்கத் தாய் இறால் செய்வதுபோல், அநேகமாக எல்லாமே வயிற்றடிக் கால்களால் விசிறிக்கொண்டே இருந்தன. முப்பத்துநாலாம் நாள் காலை எட்டுதான் இருந்தன. ஒன்பதாவதன் மீசை ஒன்று தரையில் கிடக்க, மற்றவை அதைச் சுற்றி எதையோ கொறித்துக்கொண்டிருந்தன. வார்டில் கட்டில் காலியானால் துணி மாற்றுகிறவள் அவள். அன்று அந்த டப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்காரவும் முடியவில்லை.

ஆறு வாரம் முடிந்து, அமல் சனிக்கிழமை மத்தியானம் வந்தான். பையைக் கழற்றாமலே கடை லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு டப்பாவின் முன் குந்தினான். எட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"அக்கா, இந்தக் குட்டையா கீதே, இது ஆம்பளை."

"ஆம்பளைக்கு எப்படிடா முட்டை?"

"அதான். முட்டை இல்லக்கா இது."

லென்ஸை அவளிடம் கொடுத்தான். கால்களின் வேரிலிருந்து பஞ்சுபோல் பச்சை நூல்கள் முளைத்திருந்தன. மணிமணியாக எதுவுமில்லை. இறாலின் உடம்பிலிருந்து தின்று வளரும் ஒட்டுண்ணி அது. அந்த எட்டில் ஆறு, தங்களைத் தின்கிற ஒன்றைத்தான் தங்கள் குஞ்சு என்று விசிறி வளர்த்திருந்தன. ஆணுக்கு அந்த விசிறலும் இல்லை; அது வெறுமனே சுமந்தது.

"மாத்துன தண்ணிய என்னாக்கா பண்ணின?"

குளோரியா தொட்டியைக் கையால் காட்டினாள். அமல் கண்களை மூடித் திறந்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலை.

மறுநாள் முழுக்கத் தொட்டியின் ஒவ்வொரு இறாலையும் வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்துப் பார்த்தான். பத்தொன்பதில் பச்சை. நூல் மெலிதாக இருந்தவற்றை உப்புத் தண்ணீரில் அரை நிமிடம் முக்கித் தனியே வைத்தான். நூல் தடித்தவற்றை, வார்டில் இருந்தவற்றையும் சேர்த்து, துடிக்க விடாமல், கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் ஒரேயடியாக உறங்கவைத்தான். கிண்ணத்தைப் பிடித்திருந்தவள் குளோரியாதான்.

வார்டில் கடைசியாக ஒன்று மிஞ்சியது.

"இது நிஜமாவே மாசம்," என்றான். "வார்டுக்கு வந்தப்புறம் ஆனது." முட்டைகள் தனித்தனி மணிகள். ஒவ்வொன்றிலும் கண்ணாகப்போகும் இரண்டு கரும்புள்ளிகள். அவற்றுக்கு மேலே, கால் வேரில், ஒரே ஒரு பச்சை நூல்.

"தாயைக் காப்பாத்த முடியாதா?"

"முடியாது. ஒத்த நூல்தான், ஆனா உள்ள எறங்கிடுச்சு. முட்டைய எடுக்கலாம்."

இதே பேச்சை ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஒருநாளும் நின்றதில்லை. "எடுடா," என்றாள்.

மெல்லிய தூரிகையால் முட்டைகளைப் பிரித்து, புது டப்பாவில், புதுத் தண்ணீரில், வலைத்துணிமேல் பரப்பி, அடியிலிருந்து காற்றுக் குமிழி விட்டான். அந்தக் குமிழிதான் இனி விசிறும் தாய். ஐந்தாம் நாள் பதினான்கு பொரிந்தன.

உப்பு கண்டவை தேறவில்லை. அடுத்த ஞாயிறு தொட்டியில் இருபத்தாறு பச்சை. அதற்கடுத்த ஞாயிறு அமல் எண்ணுவதை நிறுத்தினான். அன்றைக்கே மீதி இறால்களையும் கிராம்பு எண்ணெயில் உறங்கவைத்து, தொட்டியைக் காலிசெய்து, ஈரம் போக மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்துவைத்தார்கள். நாலு வருட வம்சத்தில் மிச்சம் அந்தப் பதினான்குதான்.

மாலையில் அமல் நல்ல தண்ணீர் நிறைந்த ஒரு புதுக் குவளையை அவள் கையில் வைத்தான்.

"குஞ்சுங்களுக்குத் தண்ணி மாத்தறது இனிமே நீதான்."

"வேணாம்டா. எனக்குக் கை நடுங்குது."

"நடுங்குனா மெதுவா ஊத்துவ. அதுதான் வேணும்."

அவள் குஞ்சுகளின் டப்பாமேல் குனிந்தாள். குஞ்சுகளின் உடம்பு தண்ணீரோடு தண்ணீராக மறைந்திருந்தது. கண்கள் மட்டும் தெரிந்தன. இருபத்தெட்டுக் கறுப்புப் பொட்டுகள், குவளையின் நிழல் விழுந்த பக்கம் மெல்லத் திரும்பின. மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் சொட்டை விட்டாள்.