எர்த்தில் குறையில்லை

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அக்கா வீட்டுக்காரருக்குக் கை வெட்டி இழுத்தபோது, நான் மனிதரை விட்டுவிட்டு மெஷினைச் சோதித்தேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் நான் எலக்ட்ரீஷியன். மாமாவுக்கு அங்கேயே லேத்தில் வேலை. ஒருநாள் அவருடைய வலது கையும் வாயோரமும் சட்டென்று இழுத்துக்கொண்டன. கண் சிமிட்டும் நேரம்தான். பிறகு அடிக்கடி. எலக்ட்ரீஷியன் கண்ணுக்கு உலகத்தில் இழுப்பதெல்லாம் கரண்ட்தானே?

"மெஷின்ல லீக்கேஜ் கீது மாமா," என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் எர்த்தில் குறையில்லை. மீட்டர்மேல் சந்தேகப்பட்டேனே தவிர என்மேல் படவில்லை. எர்த் கம்பியை மாற்றி, காலடியில் ரப்பர் பாயும் போட்டேன்.

வீட்டில் சாப்பிடும்போதும் இழுத்தது. நான் மிக்சியைக் கழற்றினேன்.

"இன்னாடா, மிக்சி பிளக்கே சொருவல?" என்றாள் அக்கா.

"உனக்கு கரண்டப் பத்தி இன்னாக்கா தெரியும்?"

மாமா சிரித்தார். "மச்சான், அப்பிடியே என்னையும் கழட்டிப் பாத்துடு."

இப்படியே மூன்று வாரம். அதன்பிறகு ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் மாமா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம், "சார் எந்த கம்பெனி?" என்று கேட்டார். விளையாட்டென்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சென்னை ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நரம்பு செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேற நுண்ணிய வாசல்கள் உண்டாம். செல்லை அடக்கி வைப்பவை அவைதானாம். அந்த வாசல்கள் குறையாமல் பார்த்துக்கொள்ள, கூடவே ஒரு புரதம் இருக்கிறது. மாமாவின் எதிர்ப்புச் சக்தி அதைப் பகையாளி என்று எண்ணித் தாக்குகிறது.

"வாசல்ல கோளாறு இல்லீங்க. அத பாத்துக்கிற ஆளத்தான் அடிக்குது. வாசல் குறைஞ்சா செல் அடங்காது. கை இழுக்கும், ஞாபகமும் போவும்."

"சரியாயிடுமா மேடம்?"

"இழுப்பு நிக்கும். ஞாபகம் எவ்ளோ திரும்பும்னு சொல்ல முடியாது. கை இழுத்தப்பவே வந்திருந்தா..."

மூன்று வாரம் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

வார்டில் மருந்து சொட்டுச்சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. மாமா அக்காவை யாரோ ஒருத்தியைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வாரத்த நான்தான்க்கா பாழாக்கிட்டேன்," என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

ஊசி குத்தியிருந்த கை மறுபடியும் வெட்டி இழுத்தது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"அழுவாம அந்தக் கைய புடிடா."