புஷ்பா அக்காவின் அறிமுகப் பக்கத்தில் ஒரு காலி இடம்

புஷ்பா அக்கா போய்விட்டார்.

காலையில் ஆபீஸ் பஸ்ஸில் நிற்கும்போது மெசேஜ் வந்தது. ஹட்டனில், வீட்டில், நெஞ்சு வலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம். அதற்குப் பிறகு சீட் கிடைத்தும் நான் உட்காரவில்லை.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. முகநூல் எல்லாம் நம் பக்கம் வருவதற்கு முன்னால், இரண்டாயிரங்களின் நடுவில், மலையகத்து ஆட்களுக்கென்று இணையத்தில் ஒரு ஃபோரம் இருந்தது. கொழும்புக் கடைகளில் நின்றவர்கள், கட்டாருக்கும் குவைத்துக்கும் போனவர்கள், படிக்கப் போனவர்கள் எல்லாம் அதில்தான் கிடப்போம்.

அதை நடத்தியவர் புஷ்பா அக்கா. ஹட்டனில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் அவருக்கு வேலை. போட்டோகொப்பி எடுத்து, டைப் அடித்துக் கொடுத்து, நடுவில் கிடைக்கும் நேரத்தில் எங்களைக் கட்டி மேய்த்தார். சும்மா சொல்லக் கூடாது, லேசான வேலை இல்லை அது. நானும் அதில் ஒரு வாய்க்காரன்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் அந்த வாரம் நடந்ததையெல்லாம் பத்தே வரியில் எழுதி மேலே போட்டு வைப்பார். யாருக்குக் கல்யாணம், எங்கே மண் சரிந்தது, எந்தத் தோட்டத்தில் திருவிழா... நாங்கள் நான்கு நாள் போட்ட சண்டை கடைசியில் ஒரு வரியாக வரும். "தம்பிமாரு வழக்கம்போல சண்ட போட்டாங்க. யாருக்கும் காயமில்ல."

திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை அது நின்றுபோனது. ஏனென்று கேட்டு நான்தான் முதலில் கத்தினேன்.

அப்போதுதான் சொன்னார். றொசல்லப் பக்கத்து ராணி அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். அந்த வீட்டு மகள் வெள்ளிக்கிழமை மட்டும் பத்து நிமிஷம் கம்ப்யூட்டரைக் கொடுப்பாளாம். "அந்தப் பத்து நிமிஷத்துல ஒங்க சண்டையப் படிப்பாங்களா, ஊர்ச் சேதியத் தேடுவாங்களா? அதான் எழுதுனேன். ராணி இப்ப ஊருக்கு வந்துட்டாங்க."

இரண்டு வருஷம் ஒரே ஒரு ஆளுக்காக எழுதியிருக்கிறார். நாங்கள் எங்களுக்கென்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்தோம்.

இனி என் கதை. இதை எங்கேயும் சொன்னதில்லை...

ஃபோரத்தில் அறிமுகப் பக்கம் என்று ஒன்று உண்டு. புதிதாக வருபவர் நான்கு வரி எழுத வேண்டும். பெயர், தேயிலைத் தோட்டம், அதில் எந்த டிவிஷன், எந்த லயம், அதாவது தொழிலாளர்களின் ஒற்றைக் காம்பிரா வீட்டு வரிசை. டவுன் ஆட்கள் தெருவின் பெயரை எழுதுவார்கள். ஒவ்வொருவருக்கும் கீழே அக்கா ஒரே பதிலைத்தான் போடுவார். "வாங்க. ஒங்களுக்குன்னு எடம் போட்டுத்தான் வச்சிருந்தோம்."

நான் அந்த நான்கு வரியை எழுதவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் ரூம் எடுத்த முதல் நாளே, கூட இருந்த யாழ்ப்பாணத்து அண்ணன் "தம்பி எவடம்?" என்று சாதாரணமாகத்தான் ஊர் கேட்டார். நுவரெலியா டவுன் என்று சொல்லிவிட்டேன். பிறகு ஆபீஸிலும் அதுதான், ஃபோரத்திலும் அதுதான். வெட்கம். வேறு என்ன காரணம் சொல்ல.

ஒருநாள் குளிரைப் பற்றிப் பேச்சு வந்தது. விடிகாலையில் பீலித் தண்ணீரில் முகம் கழுவியவனுக்குத்தான் குளிர் தெரியும் என்று பெரிதாக அளந்துவிட்டேன். மலையிலிருந்து தகரம் வைத்து இறக்கும் தண்ணீர்தான் பீலி. லயத்துக்கு லயம் இருக்கும். டவுனில் ஏது?

ஹட்டன் டவுன்காரர் ஒருவர் கப்பென்று பிடித்துக்கொண்டார். "டவுன்ல எங்கங்க பீலி இருக்கு? நீங்க எந்த லயம்?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. லயத்துக் கூட்டத்தோடு என்னைச் சேர்க்காதே என்று எழுதினேன். இன்னும் என்னென்னவோ எழுதினேன். அதைப் படிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் லயத்துப் பிள்ளைகள். அந்த நேரத்தில் என் அம்மா மழையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்திருப்பார்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பதிவையும் காணோம். எனக்கு மட்டும் அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ்.

"தம்பி, அவரு கேட்டதையும் எடுத்துட்டேன், நீங்க எழுதுனதையும் எடுத்துட்டேன். ஒங்க அம்மா படிச்சா அழுவாங்க. எந்த எடம்னு நா கேக்க மாட்டேன். அறிமுகப் பக்கத்துல ஒங்க பேரப் போட்டு, கீழ காலியா விட்டிருக்கேன். எப்பத் தோணுதோ அப்ப எழுதுங்க."

போய்ப் பார்த்தேன். குமார் என்று இருந்தது. கீழே நான்கு வெற்று வரி.

அதற்குப் பிறகு ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஹட்டனில் இறங்கி அவர் கடைக்குப் போனேன். யாரென்று சொல்லவில்லை. ஐடென்டி கார்டைக் கொடுத்து இரண்டு பக்கமும் கொப்பி கேட்டேன். பின்பக்கத்தில்தான் தோட்டத்து விலாசம். கடை நிறைய ஆட்கள்.

கொப்பியை எடுத்து, எழுத்து உள்ளே போகிற மாதிரி இரண்டாக மடித்துக் கொடுத்தார். "கந்தப்பளைக்கா? கெளம்புங்க தம்பி, மழ வருது."

எனக்குப் பின்னால் நின்றவருக்கு மடிக்காமல் அப்படியே நீட்டினார்.

தெரிந்துதான் மடித்தாரா... கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிறகு எல்லோரும் முகநூலுக்கு வந்துவிட்டோம். ஃபோரம் மூடிப்போனது. அந்த நான்கு வரியும் அதோடு போய்விட்டது.

ஆபீஸ் நண்பர்கள், பழைய ரூம் அண்ணன், எல்லோரும் இதைப் படிப்பீர்கள். படியுங்கள்.

பெயர்: முத்தம்மா மகன் குமார்
தோட்டம்: கல்லுமலை, கந்தப்பளை
டிவிஷன்: கீழ் டிவிஷன்
லயம்: ஆறாம் லயம், பீலிக்குப் பக்கத்துக் காம்பிரா

ரொம்ப லேட்டாயிருச்சு அக்கா. மன்னிச்சுக்குங்க... போய்ட்டு வாங்க.