மயில் கொண்டையில் தாய்மாமன்

பிளக்ஸ் மெஷின் ஓடினால் கடை முழுக்க மை வாடை. இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாடை அடித்தால் திருத்தணி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையும், அந்த மயிலும்தான் ஞாபகம் வரும்...

கணக்கில் டிகிரி முடித்துவிட்டு அங்கே டிசைனராக இருந்தேன். கல்யாண பேனர் என்றால் ரோஜாப்பூ, ரெண்டு புறா, சுற்றிலும் சொந்தக்காரர் தலைகள். போட்டுப் போட்டு வெறுத்துவிட்டது.

நானே ஒரு புரோகிராம் எழுதினேன். சைன், காஸ் சூத்திரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மயிலை வரையும். உடம்பில் பொண்ணு மாப்பிள்ளை, விரித்த தோகையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சொந்தக்காரர் முகம். யார் எந்த இறகில் என்பதை ரேண்டம் நம்பர் முடிவு செய்யும். ஒவ்வொரு தடவை ரன் பண்ணும்போதும் வேறு மயில்!

வந்திருந்த ஒரு கல்யாண ஆர்டருக்கு அதைப் போடட்டுமா என்றதும் ஓனர் அண்ணன் முறைத்தார். "பார்ட்டி வேணான்னு சொல்லிட்டா, கோடிங்கு கீடிங்குன்னு மறுபடி இந்த கம்ப்யூட்டர்ல கை வெக்கக் கூடாது. ரோஜாப்பூதான். புரிஞ்சுதா?"

என்னிடம் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கிடையாது. இது போனால் எல்லாம் போச்சு.

சாம்பிள் பார்க்கப் பொண்ணின் தாய்மாமனே பொதட்டூர்பேட்டையிலிருந்து பைக்கில் வந்தார். ஸ்கிரீனில் தன் முகத்தைத் தேடினார்... தேடினார்... கடைசி இறகில், மயில் காலுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"இன்னாம்மா இது? தாய்மாமன் நானு! பொண்ணைக் கூட்டியாந்து மணையில குந்த வெக்கறவன். என்னைக் கொண்டுபோயி காலாண்ட போட்டுக்கீறே?"

"நான் அப்பவே சொன்னேன்" என்று ஓனர் ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ரேண்டம் நம்பருக்குத் தாய்மாமன் என்ன, பக்கத்து வீட்டுக்காரர் என்ன?

"அஞ்சு நிமிஷம் குந்துங்க மாமா" என்றேன். ஒரே ஒரு வரி சேர்த்தேன். மற்றவர்கள் எந்த இறகுக்கு வேண்டுமானாலும் போகட்டும். தாய்மாமன் என்றால் மட்டும் நேராக மயிலின் கொண்டைக்கு.

ரன் பண்ணினேன். உச்சியில் மாமா, மீசையோடு!

"ஆங்... இப்ப கீது பாரு!" என்று மேசையைத் தட்டிவிட்டு ஓனர் பக்கம் திரும்பினார். "ஏம்பா, மண்டபத்து வாசல் முழுக்க வர்ற மாதிரி பெருசா அடி."

ஜெயித்துவிட்டேன்! கல்யாணத்தன்று அவர் எல்லோரையும் வரவேற்றதே அந்த பேனருக்குக் கீழே நின்றுதான். அப்புறம் கடையில் ரோஜாப்பூவை யாரும் கேட்கவேயில்லை.

இப்போது சென்னையில் இருக்கிறேன். என் புரோகிராம் வரையும் படங்களை ஃபிரேம் போட்டுக் கண்காட்சியில் மாட்டுகிறார்கள். வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து "நைஸ்" என்கிறார்கள். சண்டைதான் யாரும் போடுவதில்லை...

போன வாரம் அந்தக் கல்யாணப் பொண்ணு போன் செய்தாள். குழந்தைக்குத் திருத்தணி மலைமேல் மொட்டையடித்துக் காது குத்தப் போகிறார்களாம்.

"அக்கா, அந்த மயிலு பேனர் வேணும்க்கா. எங்கண்ணனைக் கொண்டையில வெச்சிடு. கொழந்தைய மடியில வெச்சிக்கப்போறது அவன்தானே... இல்லன்னா எங்க மாமா மாதிரி எகிறுவான்."

பழைய புரோகிராமைத் திறந்தேன். பாதியைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு. எல்லாவற்றையும் திருத்தினேன், அந்த ஒரு வரியில் மட்டும் கை வைக்கவில்லை.

ரன் பண்ணினேன். புது தாய்மாமன் நேராகப் போய்க் கொண்டையில் உட்கார்ந்தார்.