காசம் இல்லை என்றார் டாக்டர்

ஜப்பான்காரன் காலத்தில் மெலியாதவர் யார்? அரிசி பேருக்குத்தான் கிடைத்தது. மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. மலாய் நாட்டில், காஜா பெராங் என்ற பேட்டையில், எங்கள் தெருவில் எல்லோருக்கும் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என் கணவரும் மெலிந்தார். அதை நான் நோயாகப் பார்க்கவில்லை.

அவர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். தம்பின் ஊருக்குப் போகும் தண்டவாளத்தை ஜப்பானியர் பெயர்த்துக்கொண்டு போனதும் வேலை போய்விட்டது. வீட்டுக்குப் பின்னால் கிழங்கு நட்டார். அவருக்கு நாற்பத்தாறு வயது, எனக்கு முப்பத்திரண்டு. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகளுக்கு மூன்று வயது. அவர் தோளைவிட்டு இறங்காத பிள்ளை.

இருபது வருஷத்துக்கு மேலாகச் சிகரெட் பிடித்தவர். சிகரெட் கிடைக்காமல் போனதும் சந்தையில் புகையிலை வாங்கி நீப்பா என்ற சதுப்புநிலப் பனையின் ஓலையில் சுருட்டிக்கொண்டார். காலையில் பல் துலக்கும்போது நாலு இருமல் இருமுவார், அப்புறம் சரியாகிவிடும். சிகரெட் இருமல் என்று நாங்களே அதற்குப் பேர் வைத்திருந்தோம்.

அந்த இருமல் எப்போது மாறியது என்று இப்போது யோசித்தால் நினைவு வருகிறது. பொங்கலுக்கு முன்பே மாறிவிட்டது. காலையில் தொடங்கினால் சாயங்காலம்வரை விடாது. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க வந்தவன் வாசலில் நின்று அவர் இருமுவதைக் கேட்டான், முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். நல்ல இருமல் என்று அன்றைக்கு நான் சாமிக்கு விளக்கேற்றினேன்.

அடுத்துக் குரல் கம்மியது. கிழங்குத் தோட்டத்திலிருந்து மகளைக் கூப்பிடுவார், அடுப்படிக்குக்கூடக் கேட்காது. இடது தோள் வலிக்கிறது என்றார். மண்வெட்டி பிடித்த வலி என்று எண்ணெய் தேய்த்துவிட்டேன். ஒருநாள் துவைக்கப் போட்ட கைக்குட்டையில் நூல் இழைபோல ரத்தம் இருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா, பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழர் வழிவந்த சிட்டி இனத்தைச் சேர்ந்தவர். வீட்டில் சாமி கும்பிடுவதெல்லாம் நம்மைப்போலத்தான், பேச்சு மட்டும் மலாய். கைக்குட்டையை அவரும் பார்த்துவிட்டார். "பாத்தோக் கெரிங்" என்றார். மலாயில் காசநோய்க்குச் சொல்லும் பேர். பிள்ளையைக் கிட்டே விடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் தங்கச்சி அதில்தான் செத்திருந்தார். பக்கத்துத் தெங்கேராவில் டாக்டருக்குப் பதிலாக மருந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒரு டிரெஸ்ஸரும், பார்க்காமலேயே, அதுவாகத்தான் இருக்கும் என்றார்.

அன்றைக்கே என் கணவரின் பாயைப் பின்பக்கச் சாய்ப்பில் போட்டேன். தட்டு, குவளை எல்லாம் தனி. மகள் அழுதாள், ஓடினாள், அடி வாங்கினாள். பிறகு பழகிக்கொண்டாள். சாய்ப்பின் வாசலுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து அவரோடு பேசுவாள். அவரும் கையை மடியில் வைத்துக்கொண்டு பதில் சொல்வார். மூன்று மாதம் இப்படிப் போனது.

மேட்டின் மேலிருந்த பெரியாஸ்பத்திரிக்கு அவரை டிரைஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டியில் கூட்டிப்போனபோது நடக்கவே மூச்சு வாங்கியது. டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர்.

"இருமல் எவ்வளவு நாளா?"

"நாலு மாசத்துக்கு மேல இருக்குங்க. காலையில எப்பவும் இருமுவாரு. இது வேற மாதிரி."

"வேற மாதிரின்னு தெரிஞ்சும் இவ்வளவு நாளா?"

  டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், கழுத்தெலும்புக்கு மேல் விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு என் கணவரின் கையைத் திருப்பி நகங்களைப் பார்த்தார். விரல் நுனிகள் உருண்டு தடித்து, நகங்கள் கரண்டியைக் கவிழ்த்ததுபோல வளைந்திருந்தன. தினமும் பார்த்த கைதான். எனக்குத் தெரியவில்லை.

மூன்று நாள் காலையில் சளி எடுத்துச் சோதித்தார்கள். எக்ஸ்ரே பிலிம் அரிதாக இருந்த காலம். பத்து நாள் கழித்து ஒன்று கிடைத்தது. எடுத்த படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்காட்டினார். இடது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"காசம் இல்லம்மா. சளியில கிருமியே இல்ல. இது நுரையீரல்ல வந்த கட்டி. புற்று."

"ஒட்டிக்குமாங்க?"

"இது யாருக்கும் ஒட்டாது."

மருந்து கேட்டேன். ஆரம்பத்தில் என்றால் அறுத்தெடுக்க வழியுண்டு, அதுவும் வேறு நாட்டில், இவருக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது என்றார். எதனால் வந்தது என்று கேட்டதற்குத் தெரியாது என்றார். புகைக்கும் இதற்கும் முடிச்சுப் போட அப்போது எங்கள் ஊரில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. சுருட்டை விடச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது டிரைஷாவில் அவர் காற்றாகப் போன குரலில் கேட்டது ஒன்றே ஒன்று.

"பாப்பாவத் தூக்கலாமா?"

"தூக்கலாம்னாரு."

அழுதார். எனக்கும் அந்த நிமிஷத்தில் நிம்மதிதான் முதலில் வந்தது. அதற்காக நான் பல வருஷம் வெட்கப்பட்டிருக்கிறேன்.

வீட்டில் இறங்கியதும் கை நீட்டினார். மகள் வரவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "போ, ஒண்ணும் செய்யாது" என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மறுநாள் தன் பேரப்பிள்ளைகளோடு வந்து அவர் பாயருகில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

அதன்பின் பத்து வாரம் இருந்தார். நெஞ்சில் நீர் கோத்து இரண்டு முறை எடுத்தார்கள். கடைசியில் அவருக்கே புகை பிடிக்காமல் போனது. ஒரு காலை நான் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தபோது, மகள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்க, போய்விட்டார்.

பிற்காலத்தில் யாராவது "சும்மா சிகரெட் இருமல்" என்றால் நான் விடமாட்டேன். முன்பு போலவே இருக்கிறதா, மாறியிருக்கிறதா என்று கேட்பேன். மூன்று வாரத்துக்கு மேல் இழுத்தாலும், குரல் கம்மினாலும், சளியில் துளி ரத்தம் வந்தாலும் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார் என்பேன். புகை பிடிக்காதவர்களுக்கும் இந்தப் புற்று வரும் என்றும் சொல்வேன். புக்கிட் பாருவில் இருந்த என் தம்பியை அப்படித்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவனுக்கு ஒன்றுமில்லை. ஒரு நாள் சம்பளம் போனது என்று ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.