சைபரில் உடைந்த சூத்திரம்

வேலூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் சேர்ந்த புதிது. ஆம்பூர் ஷூ ஃபேக்டரி ஒன்றுக்கு, தோல் பரிசோதனைக்கான புரோகிராம் எழுதும் வேலை வந்தது. மொத்தமாக வரும் ஒரு லாட் தோலில் சராசரியாக இத்தனை கீறல் என்று கொடுத்தால், சரியாக இத்தனை இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று அது சொல்ல வேண்டும். காலேஜில் படித்த பாய்சான் சூத்திரம், ஒரே வரி. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே எழுதி அனுப்பிவிட்டேன்.

சாப்பிட்டு வருவதற்குள் திரும்பி வந்துவிட்டது. என் புரோகிராம்களைச் சோதிப்பவள் ஆம்பூர்க்காரி. வீட்டில் உருது பேசுகிறவள், என் வயதுதான்.

"சராசரி ஆயிரம், சரியா ஆயிரம் இருக்குமான்னு குடுத்தேன்ப்பா. விடை எண்ணே இல்லைன்னு காட்டுது."

"ஆயிரம் கீறலா? அவ்ளோ ஜாஸ்தியா யார் குடுக்கப்போறாங்க?"

"பெரிய லாட்டுன்னா வரும்."

கோபம்தான் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. ஆயிரத்தை ஆயிரம் தடவை பெருக்கினால் கம்ப்யூட்டரால் அந்த எண்ணைத் தாங்க முடியாது. அதை வகுக்க வேண்டிய ஃபேக்டோரியலும், அதாவது ஒன்று முதல் ஆயிரம் வரை எல்லாவற்றின் பெருக்கலும், அப்படியே எகிறியிருந்தது.

டீம் லீடர் எட்டிப் பார்த்தார். "பெரிய எண்ணுக்குத் தோராயமா போட்டுடும்மா. வெள்ளிக்கிழமை குடுக்கணும்."

"வேணாம் சார், சரியாவே வரவெக்கிறேன்" என்றேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது.

மறுநாள் சூத்திரம் முழுவதையும் லாகரிதத்தில் மாற்றி எழுதினேன். பெருக்கலெல்லாம் கூட்டலாகி எண்கள் அடங்கின. அவள் எல்லா வாய்ப்புகளையும் கூட்டிப் பார்த்தாள். வர வேண்டியபடி சரியாக ஒன்று வந்தது. பாராட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"இப்ப சராசரி சைபர் குடுக்கறேன்."

மறுபடியும் எண்ணே இல்லை என்று காட்டியது. சைபருக்கு லாகரிதம் கிடையாது.

"கீறலே இல்லாத தோல் எங்க இருக்குப்பா?" என்றேன்.

"இல்லாமயே போகட்டும். சராசரி சைபர்னா, ஒரு கீறலும் இருக்காதுங்கறது நிச்சயம். அதுகூட சொல்லத் தெரியலன்னா இன்னா புரோகிராம் இது?"

பேஜாராகிவிட்டது. இனி அவள் பிடிக்க ஒன்றும் மிச்சம் வைக்கக் கூடாது என்று உட்கார்ந்தேன். சைபரைத் தனியாகக் கையாண்டேன். மைனஸ் எண், பின்னம், மிகப் பெரிய எண் என்று எல்லாவற்றுக்கும் நானே சோதனை எழுதினேன். புள்ளியியல் புத்தகத்தின் கடைசிப் பக்க அட்டவணையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். சரியாக வந்த பிறகுதான் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை முழுக்க அவள் தலை நிமிரவில்லை. டீம் லீடர் வந்து நின்றார்.

"முடிஞ்சுதா?"

"உடைக்க முடியல சார்" என்றாள், கொஞ்சம் வருத்தமாகவே.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் வரை சேர்ந்து நடந்தோம். அவளுக்கு ஆம்பூர் பஸ், எனக்குக் குடியாத்தம் பஸ். வழி நெடுக வேறு எதையோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தோம்.