புளிக்கு ஒற்றைக் கண்

இரண்டு வருடம் ஆகிறது. பாகூரில் எங்கள் மளிகைக் கடையைச் சாத்திவிட்டு நானும் கணவரும் சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தோம்.

நாற்பது வயதிலேயே எனக்குக் காது மந்தமாகிவிட்டது. புதுச்சேரிக்குப் போய் வாங்கிய காது மிஷின் ‘கொய்ங்’ என்று கத்தும். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு முறையும் கடையைப் பூட்டிக்கொண்டு ஓட முடியாமல் டப்பாவில் போட்டுவிட்டேன். அப்புறம் கை கொடுத்தது கணவரின் ஜாடைதான். யாராவது புளி கேட்டால் பக்கத்தில் நின்று ஒற்றைக் கண்ணை இடுக்குவார். மிளகாய்க்குக் கண்ணைக் கசக்குவார். உப்புக்கு நாக்கை நீட்டுவார். பாதி எனக்கே காதில் விழுகிறது, இவர் வேறு கூத்தடிக்கிறாரே என்று சலித்துக்கொள்வேன்.

டப்பாவில் கிடந்த மிஷினைச் சரிசெய்யத்தான் எடுத்துப் போயிருந்தேன். இந்த முறையும் அது சரிவராவிட்டால் கல்லாவை விட்டு எழுந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கடைதான் என் உயிர்.

நகரத்திலிருந்து டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையில் வந்தார். என்னை மிஷினை மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, உதடசைவு தெரியாமல் வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு மழை, பூ, தலை என்று பத்து வார்த்தை சொன்னார். பத்தையும் திருப்பிச் சொல்லிவிட்டேன். பெருமை தாங்கவில்லை. அடுத்து, இங்கிருந்த நர்ஸ் என் காதுக்குள் மெல்லிய குழாய் ஒன்றை வைத்தார். உள்ளே எவ்வளவு சத்தம் போகிறது என்று டாக்டரம்மாவுக்குக் கோடாகத் தெரியுமாம். அவர் முகம் மாறியது. நர்ஸ் என் காதருகே கத்தினார்: “கோடு பாதிகூட ஏறலையாம். டாக்டரைப் பாக்காம இன்னாத்தம்மா பாக்கறீங்க?”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் கணவர், தலையைத் தொட்ட கையை இன்னும் எடுக்காமல் நிற்கிறார். “பழக்க தோஷம்மா” என்று அசடு வழிந்தார்.

அவரை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்டார்கள். பத்தில் இரண்டு வார்த்தைதான் சரியாகச் சொன்னேன். காதில் விழுகிறது என்று நான் நினைத்ததெல்லாம் அவர் கேட்டுச் சொன்னதுதான். வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. காதுக்குள் போகும் ரப்பர் முனையை நர்ஸிடம் சொல்லி மாற்றவைத்தார். கோட்டைப் பார்த்துப் பார்த்து அங்கிருந்தே சத்தத்தைத் திருத்தினார். பிறகு வெளியே நிற்பவரைப் பேசச் சொன்னார்.

“இன்னா பேசறது? கால் கிலோ புளி, அரை கிலோ மொளகா. கேக்குதா?”

கண்ணும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை. வெறும் குரல். கல்யாணமான புதிதில் கேட்ட அதே கரகரப்பு. “கேக்குது, வூட்டுக்குப் போலாம் வாங்க” என்றேன்.

இன்றும் கல்லாவில் நான்தான். நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் யாராவது புளி கேட்டால் அவர் கண்ணை இடுக்குகிறார். நானும் அதைப் பார்த்த பிறகுதான் எடுக்கிறேன். இத்தனை வருடம் எனக்காகக் கேட்ட மனிதரிடம் இனி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.