அரைக்கம்பத்தைத் தொடாத கொடி

எங்கள் தீவின் வடமுனை மேட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. வெளியூர்க்காரர்கள் கொடிக்கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்ப்பார்கள். நாங்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பத்தைப் பார்ப்போம். கடல் எங்கேயும் போய்விடாது. கொடியை அப்படி நம்ப முடியாது.

அந்தக் கொடிக்குப் பொறுப்பு ரிக்மோர். முப்பத்தொரு வருடம் தீவின் தபால்காரி. நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் சைக்கிளில் போய், யாருக்கு யார் கடிதம் எழுதுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்தும் ஒருவரிடமும் சொல்லாமல் ஓய்வு பெற்றவர். இப்படியொரு சாதனை எங்கள் தீவில் வேறு யார் பெயரிலும் இல்லை. கொடி வேலை அவருக்கு வந்தது திறமையால் அல்ல. ஊர்ச் சங்கக் கூட்டத்தில் "யார் செய்றீங்க?" என்று கேட்டபோது எல்லோரும் தட்டிலிருந்த கேக்கைக் குனிந்து பார்த்தார்கள். ரிக்மோர் மட்டும் தலை நிமிர்ந்துவிட்டார்.

காலை எட்டுக்கு ஏற்ற வேண்டும், சூரியன் மறைவதற்குள் இறக்க வேண்டும், தரையில் படக்கூடாது. இருட்டிய பிறகும் கொடி பறந்தால் அது சாத்தானுக்குப் பறக்கிறது என்பார்கள். சாத்தானை நம்பாதவர்கள்கூட எங்கள் தீவில் கொஞ்சம் முன்கூட்டியே இறக்கிவிடுவார்கள். யாராவது இறந்தால், அடக்கம் முடியும்வரை அரைக்கம்பம்.

மடிக்க இரண்டு பேர் வேண்டும். ரிக்மோருக்கு ஜோடி, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஹோல்கர். மடித்த கொடியின் வாய், அதாவது திறந்த ஓரம், வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது ரிக்மோரின் சட்டம். ஹோல்கர் இடதுகைக்காரர், அவர் மடித்தால் வாய் இடப்பக்கம் பிளந்து நிற்கும்.

"வலப்பக்கம், ஹோல்கர்! எத்தனை தடவ சொல்றது?"

"கொடியே ஒண்ணும் சொல்லல. உனக்கென்ன வலிக்குது?"

பதினாறு வருடம் அந்த மேட்டில் மாலைதோறும் இதுதான் நடந்தது. ஹோல்கர் ஒரு நாளும் திருந்தவில்லை.

மூன்று வருடத்துக்கு முன், காற்றே இல்லாத ஒரு நண்பகலில், கொடி தானாக வழுக்கி அரைக்கம்பத்தில் நின்றது. போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது. அன்று மாலை ஹோல்கர் ஆர்கன் முன்னால் உட்கார்ந்தபடியே போய்ச்சேர்ந்தார். அடுத்த வசந்தத்தில் கொடி மறுபடி வழுக்கியது. அன்றே ரொட்டிக்கடை ஆஸ்தா. சங்கம் இதைக் கடுமையாக எடுத்துக்கொண்டது. துணைக்குழு போட்டது, கயிற்றை மாற்றியது. மூன்று கூட்டம், நான்கு கேக். கடைசியில் நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரி ஏறியது: "கொடி அனுமதியின்றி இறங்குவதைச் சங்கம் ஏற்கவில்லை." இறந்த இருவரையும் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கும் விஷயம், நேரமில்லாததால் ஒத்திவைக்கப்பட்டது.

இந்த செப்டம்பரில் ரிக்மோரின் கணவர் ஐனாருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். மூன்றாம் நாள் காலையில் அவர் மூச்சு விடும் சத்தம், ஈரமண்ணில் சைக்கிள் தள்ளுவதுபோல் கேட்டது. மாலைப் படகில் நர்ஸ் வருவதாக ஏற்பாடு.

"நீ போய்க் கொடிய ஏத்து, கிழவி. இங்க உக்காந்து என் மூக்கையே பாக்காத."

"மூக்குதான் மிச்சம் இருக்கு உங்கிட்ட," என்று சொல்லிவிட்டு ரிக்மோர் மேட்டுக்குப் போனார்.

கொடியை ஏற்றி, முடிச்சுப் போட்டு, திரும்பினார். கடலிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் கொக்கி கம்பத்தில் தட்டும் சத்தம், டிக், டிக், டிக், நின்று நிதானமாக. திரும்பிப் பார்த்தார். கொடி பாதிக் கம்பத்தில் தொங்கியது. முடிச்சு போட்டபடி இருந்தது.

ஹோல்கர் தனியாள். ஆஸ்தா தனியாள். இந்தத் தடவை யார் என்று ரிக்மோர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மேலே இழுத்துக் கட்டினார். இறங்கியது. இன்னொரு முடிச்சுப் போட்டார். இறங்கியது. மூன்றாவது தடவை கட்டவில்லை. கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, கொடி உச்சியில் இருக்க, அப்படியே நின்றுவிட்டார்.

காற்றில்லை. ஆனால் கயிறு இழுத்தது. முரட்டு இழுப்பு இல்லை. தூண்டிலை மீன் முகர்ந்து பார்ப்பதுபோல் ஒரு இழுப்பு, பிறகு ஓய்வு, பிறகு ஒரு இழுப்பு. வேலை தெரிந்த கை.

பதினொரு மணிக்கு கோபன்ஹேகன் தம்பதி ஒன்று மேலே வந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

"இங்க நல்ல காட்சி தெரியும்னு போட்டிருந்தாங்களே?" என்றார் அந்த ஆள்.

"அங்கதான் இருக்கு. இன்னைக்கு மூடி வச்சிருக்கோம்."

"எங்களை ஒரு போட்டோ எடுக்க முடியுமா?"

"கை காலியில்ல."

அவர்கள் வெள்ளைப் பனிச் சுவரின் முன்னால் நின்று தாங்களே எடுத்துக்கொண்டு இறங்கிப்போனார்கள்.

மூன்று மணிக்கு இழுப்பு நின்றது. கால் மணி நேரம் கயிறு செத்ததுபோல் தொங்கியது. ரிக்மோர் பையிலிருந்த ரொட்டியை ஒரு கையால் எடுத்துத் தின்றார். மூன்றேகாலுக்கு இழுப்பு மறுபடி தொடங்கியது. எங்கள் தீவில் எதுவாக இருந்தாலும் மூன்று மணிக்குக் காபி குடிக்கத்தான் செய்யும்.

ஐந்து மணிக்குச் சங்கத் தலைவர் ப்ரேபென் மூச்சு வாங்க வந்தார்.

"ரிக்மோர், பனியில படகு வரல. நர்ஸும் வரல. ஐனாருக்குச் சூடு ஏறியிருக்கு, யார் யார் பேரையோ சொல்றான். நீ என்ன இங்க கம்பத்தோட நடனம் ஆடிக்கிட்டிருக்க?"

"ப்ரேபென், நான் இதை விட்டா அவன் போயிடுவான்."

ப்ரேபென் மேலே பார்த்தார். பனியில் கொடி தெரியவில்லை. கயிறு மட்டும் ரிக்மோரின் கையை இழுத்துவிட்டு விடுவது தெரிந்தது. அவர் முகம் வெளுத்தது.

"ஆறு மணிக்குத் துணைக்குழு இருக்கு," என்றார் மெல்ல.

"போய் அவன் பக்கத்துல உக்காரு. துணைக்குழு நீ இல்லாம கேக் சாப்பிடப் பழகட்டும்."

சங்க வரலாற்றில் முதல் தடவையாக ப்ரேபென் சொன்னபடி கேட்டார்.

ஏழு மணி தாண்டியது. பனி மஞ்சளாகி, சாம்பலாகியது. இன்னும் கால் மணியில் சூரியன் மறையும். அப்போதுதான் ரிக்மோருக்குச் சிக்கல் முழுசாக உறைத்தது. கொடியை இறக்கினால், இறங்கும் வழியில் அது பாதிக் கம்பத்தைத் தாண்டித்தான் வரவேண்டும்; அங்கே அந்த இழுப்பு அதை நிறுத்திவிடும். இறக்காமல் விட்டால், இருட்டில் யாருக்குப் பறக்கும் என்பது தெரிந்ததே. கயிற்றின் அந்தப்பக்கம் இருந்ததும் இதை யோசித்து வைத்திருக்க வேண்டும். இழுப்பு இப்போது அவசரப்படவில்லை.

கயிற்றை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டார். கம்பத்தின் அடியில் குனிந்தார். வருடா வருடம் வண்ணம் பூசுவதற்காகக் கம்பத்தின் அடியில் கீல் வைத்திருந்தோம். மேல் ஆணியை உருவினால் கம்பம் முழுசாகச் சாயும். கொடி உச்சியில் இருந்தபடியே கீழே வரும், பாதியைத் தொடாமல். ஆனால் சாய்க்க ஒரு ஆள், கொடி தரையில் படாமல் அந்த முனையில் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

ஆணியை உருவினார். கம்பத்தைத் தோளில் தாங்கி மெல்ல மெல்லச் சாய்த்தார். உச்சி பனிக்குள் போய் மறைந்தது. எடை கைக்கு மீறியது. அந்தப்பக்கம், கடலைப் பார்த்துப் போட்ட பெஞ்சுக்கு அருகில், புல்லில் காலடி கேட்டது.

"ப்ரேபென்! வந்துட்டியா? பிடி, பிடி, கீழ விட்டுடாத!"

எடை சட்டென்று குறைந்தது. கொக்கிகள் கழலும் சத்தம், துணி உதறும் சத்தம். இடுப்பில் இருந்த கயிறு தளர்ந்து அவிழ்ந்தது. ரிக்மோர் கம்பத்தைப் புல்லில் கிடத்திவிட்டு அந்த முனைக்கு ஓடினார். ஆளில்லை. பெஞ்சின்மேல் கொடி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்க்காமலே பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

ஐனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, அரைத்த கல்லீரல் தடவிய கருப்பு ரொட்டியை ப்ரேபென் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார். நெற்றி வியர்த்துக் குளிர்ந்திருந்தது.

"ஏழேகாலுக்குத் திடீர்னு கண்ணத் தொறந்து, வெள்ளரி ஊறுகாய் எங்கன்னு கேக்கறான்," என்றார் ப்ரேபென்.

"நீ எப்ப மேட்டுல இருந்து வந்த?"

"மேட்டுலயா? நீ அனுப்பினதுல இருந்து இந்த நாற்காலிய விட்டு நகரல. என் காலு மரத்துப் போச்சு."

ரிக்மோர் பையிலிருந்து கொடியை எடுத்துச் சமையல் மேசையில் வைத்தார். மடிப்பு கச்சிதம். கொடி கொஞ்சம் ஈரம். வாய் இடப்பக்கம் பிளந்திருந்தது.

பிரித்து மடிக்கக் கை போனது, திரும்பி வந்தது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். வெளியே பனி, ஒரு சத்தமுமில்லாமல் நின்றிருந்தது.

"வலப்பக்கம்!" என்று கத்தினார். "எத்தனை தடவ சொல்றது!"

"யார்கிட்ட கத்தற?" என்றார் ஐனார் வாய் நிறைய ரொட்டியோடு.

ரிக்மோர் ஜன்னலை மூடாமல் பனியையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "சங்க உறுப்பினர் ஒருத்தர்கிட்ட."